எல்லைமணிக்குப் போட்ட பூட்டு

மகேஸ்வரி அன்று காலை கடலாடியில் பஸ் ஏறியது ஒரே ஒரு காரியத்துக்காக. சாயங்காலம் நாலு மணிக்கு வசந்தகுமார் என்பவனின் முகம் எப்படிக் கறுத்துப் போகிறது என்பதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக இரண்டு பஸ் மாறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, தீவின் வடகரையில் இருக்கிற அந்த மீனவர் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. காலையில் தின்ற இரண்டு இட்லிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. பசியும் இல்லை, ஆத்திரம் அந்த அளவுக்கு இருந்தது.

‘வசந்த் மொபைல்ஸ்’ என்று போர்டு போட்ட கடைக்கு நேர் எதிரே முருகலட்சுமியின் டீக்கடை. மகேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர்க்கடையில் சிவப்பு பனியன் போட்ட ஒருவன் எவனுடைய போனையோ பிரித்துப் போட்டுக் குனிந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் ஸ்க்ரூ டிரைவர், காதில் ஒரு போன், அதைக் கேட்டு ஒரு சிரிப்பு, பக்கத்தில் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கிற ஒரு வயர்லெஸ் பெட்டி. இவன்தான்.

‘சிரிடா, நல்லாச் சிரி. இன்னும் ஒன்றரை மணி நேரம்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவன் என்ன செய்தான் என்று சொன்னால்தான் அவள் கோபம் புரியும். ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் நம் கடல் முடிந்து இலங்கைக் கடல் தொடங்கிவிடுகிறது. கோடு எங்கே இருக்கிறது என்று தண்ணீரில் எழுதியா வைத்திருக்கிறார்கள்? தெரியாமல் தாண்டினால் அந்தப் பக்கத்து ரோந்துப் படகு வரும். வள்ளம் போகும், வலை போகும், ஆள் மாதக்கணக்கில் சிறையில் கிடப்பான். மகேஸ்வரி எழுதியது அதற்கொரு மருந்து. பேர் எல்லைமணி, ஒரு போன் செயலி. போனில் போட்டுவிட்டால் போதும். நெட் வேண்டாம், சிக்னல் வேண்டாம், செயற்கைக்கோளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்து, கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே கணகணவென்று அடிக்கத் தொடங்கிவிடும். மிளகாய்க் காட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? வள்ளத்தில் ஏறி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, இரண்டு வருசம் அலைந்து எழுதினாள்.

எழுதினது பெரிசில்லை, விலை வைத்ததுதான் பெரும்பாடு. கோடிப் பேர் வாங்குகிற சாமானை ஐம்பது ரூபாய்க்குக் கொடுக்கலாம், கட்டுப்படியாகும். இந்தக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் கோடு வரைக்கும் போகிற நாட்டுப்படகு ஐநூறுக்கு மேல் தேறாது என்பது அவள் கணிப்பு. ஐநூறு பேருக்காக மட்டும் எழுதினதை எந்த விலைக்குக் கொடுப்பது? வருசத்துக்கு இரண்டாயிரத்து நானூறு என்று வைத்தாள். அவள் அய்யா மருதுபாண்டி அன்றைக்கு வீட்டில் நிலைகொள்ளாமல் நடந்தார். “வெளஞ்ச மொளகாய்க்கு எவனோதான் வெல சொல்லுவான். நம்ம குடும்பத்துல வெலைய நாம சொல்றது இதான் முத தடவ. கொறச்சுப்புடாத ஆத்தா” என்றார். அந்த வார்த்தை அவளுக்குத் தலைக்கு மேல் கிரீடம் வைத்த மாதிரி இருந்தது.

கிரீடம் ஒரு வருசம்கூடத் தாங்கவில்லை. சென்னைக் கம்பெனி ஒன்று அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றது. இவள் ஆயிரத்து இருநூறுக்கு இறங்கினாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவனும் உழைத்து எழுதியிருக்கிறான். ஆனால் இந்த வடகரையில் இவளுடைய எல்லைமணியையே எவனோ திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து நூறு ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். தன் பொருளோடு தானே எப்படிப் போட்டி போடுவது?

திருட்டு வெளியே வந்த விதம் இன்னும் கொடுமை. இந்தக் கரையில் காசு கொடுத்து வாங்கினவர் ஒரே ஒருவர்தான், சஃபீர் என்று ஒரு வள்ளக்காரர். அவள் எழுதினதை நம்பி முதலில் வாங்கினவர்களில் ஒருத்தர். “இன்ஷா அல்லாஹ் நல்லா வருவம்மா” என்று சொல்லிப் பணத்தைக் கையில் வைத்தவர். ஆனால் உதவி கேட்டு இந்தக் கரையிலிருந்து வாரத்துக்குப் பத்துப் போன் வரும். “மணி சத்தம் கம்மியா இருக்கு மேடம்”, “அடிச்ச மணி நிக்க மாட்டேங்குது மேடம்.” திருடினவனுக்குப் பேசுகிற உரிமையைப் பாருங்களேன்! திரையின் அடியில் இருக்கிற உரிம எண்ணைப் படிக்கச் சொல்வாள். எல்லாரும் படித்தது ஒரே எண். பதினேழு. பதினேழு என்பது சஃபீருடையது.

அவரா கொடுத்தார்? வேறு யார் கொடுத்திருக்க முடியும்? மகேஸ்வரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் விசாரித்து, நூறு ரூபாய்க்குப் போட்டுக் கொடுக்கிறவன் வசந்தகுமார் என்று தெரிந்துகொண்டாள். நான்காம் நாள் பதினேழுக்குப் பூட்டுப் போட்டாள். பதினேழு என்ற எண் எந்தப் போனில் இருந்தாலும், வியாழக்கிழமை சாயங்காலம் சரியாக நாலு மணிக்கு எல்லைமணி நின்றுவிடும். திரையில் ‘உரிமம் ரத்து செய்யப்பட்டது’ என்று சிவப்பில் வரும்.

நாலு மணி என்று வைத்ததில் அவளுக்குள்ளே ஒரு நியாயமும் இருந்தது. விடியக்காலம் மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர்கள் மத்தியானம் திரும்பிவிடுவார்கள். நாலு மணிக்கு எல்லா வள்ளமும் கரையில் கிடக்கும். ஒரு உசிருக்கும் ஆபத்தில்லை. மணி நின்றதும் அம்புட்டுப் பேரும் வசந்தகுமார் கடைக்கு ஓடி வந்து சட்டையைப் பிடிப்பார்கள். அந்தக் காட்சிக்குத்தான் இவள் இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“என்னக்கா, தெருவே காலியா இருக்கு? ஆம்பளைக எல்லாம் எங்க?” என்று பேச்சுக்குத்தான் கேட்டாள்.

முருகலட்சுமி டீயை ஆற்றிக்கொண்டே, “கடலுக்குத்தான். நண்டு வலைக்கு மாறிட்டாகள்ல, அஞ்சாறு நாளாச்சு. ரெண்டு மணிக்குப் போயி வலைய விட்டுட்டு ஏழு மணிக்கு வந்துருவாக. மறுநா விடியால போயி வலைய எடுக்குறது. ஏன், யாரப் பாக்கணும்?” என்றாள்.

டீ கிளாஸ் மகேஸ்வரியின் கையில் சூடாக இருந்தது. அது சுடுகிறது என்பது அவளுக்குக் கொஞ்ச நேரம் தெரியவே இல்லை. “இப்ப... இப்பப் போயிருக்காகளா?”

“பின்ன? போயி முக்கா மணி நேரமாச்சு.”

அடப் பாவி மகளே! மாசி மாதம் இந்தக் கரைக்கு வந்து பார்த்ததை வைத்து வருசம் முழுக்க அப்படித்தான் என்று முடிவு செய்திருக்கிறாள். காட்டில் மிளகாய் எடுக்கிற பருவம் மாறினால் வேலை நேரம் மாறாதா? கடலுக்கு மட்டும் மாறாதா? மணி இரண்டு ஐம்பது. நாலு மணிக்கு அத்தனை வள்ளமும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மணி செத்துப்போகும்.

லேப்டாப்பைத் திறந்தாள். அவசரத்தில் இரண்டு தடவை கடவுச்சொல் தப்பாகப் போனது. மூன்றாவது தடவை உள்ளே போய்ப் பதினேழின் மேல் இருந்த பூட்டை எடுத்தாள். எடுத்து என்ன பிரயோசனம்? பூட்டு ஏற்கெனவே போன்களுக்குள் இறங்கியாயிற்று. ஒவ்வொரு போனும் ஒருமுறை நெட்டுக்கு வந்தால்தான் கழலும். கழன்றால் ஒருமுறை மணி அடிக்கும், அதுதான் அடையாளம். கடலில் சார்ஜ் நிற்க வேண்டுமே என்று எல்லாரும் நெட்டை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். உதவி கேட்டுப் போன் பண்ணின சிலரைத் தவிர, யார் யாரிடம் இருக்கிறது என்று இவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் இந்தக் கரையில் ஒருத்தன்தான்.

மகேஸ்வரி தெருவைக் கடந்தாள்.

“வாங்க, என்ன மாடல்?” என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

“நான் மகேஸ்வரி. எல்லைமணி எழுதினது நாந்தான்.”

வாயில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை வசந்தகுமார் மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு ஒரு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “அடேயப்பா! தனியாவா வந்தீக, இல்ல போலீஸக் கூட்டியாந்தீகளா?”

“அண்ணே, யார் யாருக்குப் போட்டுக் குடுத்தீகன்னு சொல்லுங்க. ஒரு பேரு விடாம.”

“எதுக்கு? கேஸ் போடவா? நல்லாருக்கே கத!”

“நாலு மணிக்கு அம்புட்டு மணியும் நின்னுரும். நான் பூட்டு வச்சிருக்கேன். எல்லாரும் கரையில இருப்பாகன்னு நெனச்சு வச்சேன்.”

சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்துபோனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று அடிக்க இரண்டு நிமிசம். “என்னம்மா சொல்றே?” என்றான், குரல் இறங்கிப்போய். “எங்க மச்சான் முனீஸ்வரன் கடல்ல நிக்கிறாரு. எங்கக்காளுக்கு ரெண்டு புள்ளைக.”

“அதான் வந்து சொல்றேன்ல!”

“நீயெல்லாம் மனுசியா? ஆயிரம் ரூவாய்க்காக ஆளக் கொல்லுவியா?”

“நீ யோக்கியனா? களவாணிப் பயலே! நீ திருடாட்டி நான் எதுக்குப் பூட்டப் போறேன்?”

இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் முருகலட்சுமி டீத்தூள் கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். விசயம் காதில் விழுந்ததும் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “ஏழு மணிக்கு மேல ரெண்டு பேரும் மயிரப் புடிச்சு அடிச்சுக்கங்க. இப்ப ஆளக் கூப்புடுற வழியப் பாருங்க!”

வசந்தகுமார் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டான். மகேஸ்வரிக்கு அந்த அவசரத்திலும் வயிறு எரிந்தது. பேர், வள்ளத்தின் நிறம், போன் நம்பர், போட்டுக் கொடுத்த தேதி, எல்லாம் அழகாக வரிசையாக எழுதியிருந்தான். பழுதானால் ஆறு மாசத்துக்கு இலவசமாகச் சரிசெய்து தருவதாக வேறு சொல்லியிருக்கிறான். திருட்டுச் சாமானுக்கு வாரண்டி! என்ன நெஞ்சழுத்தம்! ஆனால் அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. நாற்பத்தேழு பேர் இருந்தார்கள்.

முதல் பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான், அடுத்த பக்கத்தை அவள். முருகலட்சுமி கரைக்கு ஓடி, வள்ளம் இறக்காதவர்கள் யார் யார் என்று பார்த்து வந்தாள். பதினோரு பேர் கரையில்தான் இருந்தார்கள். போன் எடுத்த ஆட்களிடம் மகேஸ்வரி மன்றாடினாள். “அண்ணே, நெட்ட ஆன் பண்ணுங்கண்ணே. ஒரே ஒரு நிமிசம். மணி ஒருக்க அடிக்கும், அப்பறம் அணைச்சிருங்க.” சிலர் உடனே செய்தார்கள். சிலருக்கு விளங்கவைப்பதற்குள் உயிர் போனது. ஒருத்தர், “ஆபர் எதும் போட்டுருக்கீகளா?” என்று கேட்டார். அவரை ஒரு திட்டுத் திட்டிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டு, நெட்டைப் போட வைத்தாள்.

மூன்றரைக்கு மேல் சிக்னல் எட்டுகிற தூரத்தில் ஒருத்தரும் இல்லை. பாக்கி பத்தொன்பது வள்ளம். வசந்தகுமார் வயர்லெஸ் பெட்டியைக் கிட்டத்தில் இழுத்தான்.

“மச்சான், மச்சான், நான் வசந்து பேசுறேன். கேக்குதா?”

இரைச்சலுக்கு நடுவே முனீஸ்வரனின் குரல் வந்தது. “சொல்லு மாப்ள.”

“மணி நாலு மணிக்கு நின்னுரும் மச்சான். யாரும் மணிய நம்பிக் கெழக்க போகாதீக. பக்கத்துல நிக்கிற வள்ளத்துக்கெல்லாம் சொல்லி விடுங்க.”

“ஏன், என்னாச்சு?”

வசந்தகுமார் மகேஸ்வரியை ஒரு பார்வை பார்த்தான். “ரிப்பேரு மச்சான். வந்து சொல்றேன். கொஞ்சம் மேக்க வந்து சிக்னல் கெடைக்கிற எடத்துல நெட்டப் போட்டா சரியாயிரும். மொதல்ல எல்லாருக்கும் சத்தங் குடுங்க.”

தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. அதுக்கு நன்றி சொல்ல நேரமில்லை, மனசும் வரவில்லை. வயர்லெஸ் உள்ள வள்ளம் எட்டோ ஒன்பதோதான். அவர்கள் மற்ற வள்ளங்களுக்குப் பக்கத்தில் போய்க் கூவிச் சொன்னார்கள். ஒவ்வொரு பேராகப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. மகேஸ்வரி நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடைசிப் பேரையும் அடித்தாள். நாற்பத்தேழும் முடிந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். மூச்சு ஆறினதும் கேட்க வேண்டாததைக் கேட்டாள். “எல்லாத்துக்கும் சஃபீர் பாய்தானே காரணம்? நூறு ரூவாயில அவருக்கு எம்புட்டுக் குடுத்தீக?”

“அவருக்கா?” வசந்தகுமார் நிமிர்ந்து பார்த்தான். “அவருக்கு ஒரு எழவும் தெரியாது. டிஸ்பிளே மாத்தணும்னு போனக் குடுத்துட்டுத் தொழுகப் போனாரு. போன் ஒரு மணி நேரம் இந்த மேசமேல கெடந்துச்சு. அதுலருந்து நான் எடுத்தேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது.”

மகேஸ்வரியின் பார்வை நோட்டுக்குப் போனது. மேலிருந்து கீழ்வரை ஓடியது. சஃபீர் பேர் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அவர் இந்தக் கடையில் வாங்கினவர் இல்லையே. அவளிடம் வாங்கினவர். பதினேழாம் எண்ணுக்குச் சொந்தக்காரர். இந்தக் கரையில் அவள் பட்டியலில் இருந்த ஒரே ஒரு பேரை அவளே மறந்துபோனாள்.

“பாய் கரையில இருக்காரா?” என்று எழுந்தாள்.

“பாயோட பச்ச வள்ளம் மூணு பேரோட மொத ஆளாப் போச்சே!” என்றாள் முருகலட்சுமி.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. மறுபடி போட்டாள். மறுபடி அதே பொறுமை. பச்சை வள்ளத்தில் வயர்லெஸ் கிடையாது. வசந்தகுமார் பெட்டியில் கத்தினான். “மச்சான், பாய் எங்கன நிக்கிறாரு?”

“அவரு எங்ககூட நிக்க மாட்டாரே மாப்ள. நம்ம மணி காசு குடுத்து வாங்குன மணி, தப்பாதுன்னு சொல்லிக்கிட்டு, அது அடிக்கிற வரைக்கும் கெழக்க போயித்தான் வல விடுவாரு. அங்கனதான் நண்டு கெடக்குதாம்.”

“போயிப் பாருங்க மச்சான்! ஒங்க கால்ல விழுகுறேன்!”

“போறேன். ஆனா வானம் மப்பா இருக்கு மாப்ள. கரையில இருக்குற டிவி டவரே தெரியல.”

மணி நாலு ஆனது. தெருவில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கோழி கடை வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது. திரையில் சிவப்பில் எழுத்து வருமே, பார்ப்பாரே என்று மகேஸ்வரி ஒரு கணம் ஆறுதல் தேடினாள். அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

“யாரு பாப்பா?” என்றான் வசந்தகுமார். “உப்புத்தண்ணி படக் கூடாதுன்னு போன பாலித்தீன் பையில சுத்தி வள்ளத்து முன்னால அணியத்துப் பெட்டிக்குள்ள வச்சிருவாக. மணிச் சத்தம் மட்டுந்தான் வெளிய கேக்கும். ஒன் மேப்பு, கலரு எல்லாம் எவனும் கண்ணால பாத்ததில்ல.”

இரண்டு வருசம் அந்த மேப்புக்காகக் கண் விழித்தவள் மறுபடி சஃபீருக்குப் போன் போட்டாள்.

நாலே காலுக்குப் பெட்டி பேசியது. பாயைத் தேடக் கிளம்புவதற்கு முன்பே முனீஸ்வரன் மேற்கே வந்து சிக்னல் பிடித்ததில் அவன் போனின் பூட்டுக் கழன்றுவிட்டிருந்தது. “மாப்ள, கெழக்க ரொம்பத் தூரம் வந்துட்டேன். பாயக் காணோம். எனக்கு மணி அடிக்குது, கேக்குதா? இதுக்கு மேல போகக் கூடாது. நான் திரும்புறேன்.” அவன் குரலுக்குப் பின்னால் கணகணவென்று எல்லைமணி அடித்துக்கொண்டிருந்தது. நூறு ரூபாய் மணி. அது தன் வேலையைப் பிசகாமல் செய்தது. இன்னும் கிழக்கே எங்கேயோ, காசு கொடுத்து வாங்கின மணி வாயடைத்துப் பெட்டிக்குள் கிடந்தது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை, காத்திருப்பதைத் தவிர. கரையில் வந்து உட்கார்ந்தார்கள். சேதி கேட்டுச் சீக்கிரமே திரும்பிய வள்ளங்கள் ஐந்து மணிக்குமேல் ஒன்றொன்றாக வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் தூரத்தில் தெரியும்போது மகேஸ்வரி எழுந்து நிற்பாள். நீலம், வெள்ளை, மஞ்சள். திரும்ப உட்காருவாள்.

“நீ ரெண்டாயிரத்து நானூறுன்னு வச்ச. எவன் வாங்குவான்?” என்றான் வசந்தகுமார், கடலைப் பார்த்துக்கொண்டே. சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. “நான் போட்டுக் குடுத்ததுனாலதான் நாப்பத்தேழு வள்ளத்துல மணி அடிக்குது. ஒன் வெலைக்கு விட்டுருந்தா இந்தக் கரையில ஒண்ணே ஒண்ணு அடிச்சிருக்கும்.”

“நூறு ரூவாய்க்கு நீ குடுக்கலாம். எழுதுனவ நான். எனக்கு என்ன கெடைச்சுச்சு? நான் சோறு திங்க வேண்டாமா? இதுல ஒரு தப்பு வந்தா நீயா சரி பண்ணுவ? அந்தப் போனெல்லாம் எனக்குத்தான வந்துச்சு?”

“அப்ப முன்னூறுன்னு வச்சு எங்கிட்ட குடுத்திருக்கலாம்ல? நானே ஊரு பூரா வித்துக் குடுத்திருப்பேன்.”

“நீ வந்து கேட்டியா? திருடுறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டியா?”

அவன் காலடியில் கிடந்த கிளிஞ்சலை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். அவளுக்கும் ஜெயித்த மாதிரி இல்லை. இன்றைக்குக் காலையில் இந்தப் பேச்சை நடத்தியிருந்தால் என்று நினைத்தாள், அந்த நினைப்பு தாங்க முடியாமல் இருந்தது.

ஆறரை மணிக்குப் பச்சை வள்ளம் வந்தது. எல்லாருக்கும் முன்னால் தண்ணீருக்குள் ஓடினது மகேஸ்வரிதான், சுடிதார் முட்டிக்கு மேல் நனைய. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தலையும் இருந்தது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சஃபீர் இறங்கினார். ஐம்பது வயது ஆள், ஒரு சாயங்காலத்தில் கிழடு தட்டிப்போயிருந்தார். கையில் கயிறு அறுத்த காயம். வள்ளத்துக்குள் வலை இல்லை. ஒரு முழம்கூட இல்லை.

“ரோந்து வந்துருச்சு” என்றார் யாரிடம் என்றில்லாமல். “வலைய விட்டுக்கிட்டு இருக்கோம், திடீர்னு மப்புக்குள்ளருந்து வாரான். வலைய அறுத்து விட்டுட்டு மிசின முடுக்கி ஓடியாந்தோம். ரொம்பத் தூரம் தொரத்துனான். அல்லாதான் காப்பாத்துனான். வலை பூராம் போச்சு.” அப்போதுதான் மகேஸ்வரியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது, அதுதான் அவளைக் கொன்றது. “அட, மகேசு! ஒன்னையத்தான்ம்மா நெனச்சேன். நல்ல வேளையா வந்துருக்க. இந்தப் போன என்னன்னு பாரு. இன்னைக்கு மணி அடிக்கவே இல்ல. வசந்துகிட்ட டிஸ்பிளே மாத்துனதுலருந்து இதுல ஏதோ கோளாறு போல.”

பாலித்தீன் பையைப் பிரித்து போனை அவளிடம் நீட்டினார். திரையில் சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

“ஏதோ எழுதியிருக்கு. கண்ணாடி இல்லாம தெரியல. என்னம்மா போட்டுருக்கு?”

மகேஸ்வரி படித்தாள். அவளே எழுதின வாக்கியம், அவள் வாயில் வர மறுத்தது. “உரிமம்... ரத்து செய்யப்பட்டதுன்னு போட்டுருக்கு பாய்.”

“யாரு செஞ்சா?”

“நாந்தான். நீங்கதான் எல்லாருக்கும் பிரதி குடுத்துட்டீகன்னு நெனச்சுட்டேன். நாலு மணிக்கு நான்தான் பாய் மணிய நிறுத்துனேன்.”

பின்னால் நின்ற வசந்தகுமார், “பாய், களவு என்னுது. ஒங்க போன்ல இருந்து எடுத்தது நான்” என்று தொடங்கினான். சஃபீர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்பட்டிருந்தால், ஒரு அடி அடித்திருந்தால்கூட அவள் வாங்கிக்கொண்டிருப்பாள்.

“நான் காசு குடுத்து வாங்குனவன்லம்மா” என்றார்.

அவள் அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னாள். பூட்டை எடுத்துவிட்டதாக, இனி யாருக்கும் எந்தக் காலத்திலும் மணி நிற்காது என்று, மணிக்கு இனி விலையே வைக்கப் போவதில்லை, நோட்டம் பார்க்கிற மேப்புக்கும் மற்றதுக்கும்தான் விலை என்று, வலைக்குத் தான் பொறுப்பு என்று. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலையையும் ஆட்டினார்.

“சரிம்மா. நல்லது. குடு எல்லாருக்கும்.” கையில் இருந்த காயத்தைக் கைலியில் துடைத்தார். “முன்னெல்லாம் டிவி டவரப் பாத்துக்கிட்டேதான் வல விடுவோம். டவர் மறஞ்சா வள்ளத்தத் திருப்பிருவோம். நீ மணி குடுத்தப்பறம் திரும்பிப் பாக்குறத விட்டுட்டேன். இன்னைக்கு டவர் எப்ப மறஞ்சுச்சுன்னே தெரியாது எனக்கு. இனி பாத்துக்கிறேன்.”

பாலித்தீன் பையை மட்டும் மடித்து மடியில் செருகிக்கொண்டார். போனைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆட்களோடு சேர்ந்து வெறும் வள்ளத்தை மேட்டுக்குத் தள்ளப் போனார். வசந்தகுமாரும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

மகேஸ்வரி தண்ணீருக்குள்ளேயே நின்றாள். போனில் நெட்டைப் போட்டாள். சிக்னல் கிடைத்து, பூட்டுக் கழன்று, அவள் கையில் மணி ஒருமுறை கணீரென்று அடித்தது. கரையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சஃபீர் மட்டும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.